எதிரியின் எல்லைக்குள் ஒரு சிறு குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் நான் நடைப்பயிற்சிக்குப் போகும் மைதானத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். பாதிப் பேர் ராணுவத்துக்கு, பாதிப் பேர் போலீசுக்கு. நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததில் இருந்து, ஓட்டம் முடிந்ததும் டீக்கடையில் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கமாண்டோவில்தான் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அவைதான் இவை. சிலவற்றை அவர்களுடைய அம்மாக்கள் கேட்டார்கள்.

சிறப்புப் படை என்றால் என்ன? சாதாரண ராணுவத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரணப் படை இடத்தைப் பிடிக்கும், பிடித்த இடத்தைக் காக்கும். அதற்குப் பின்னால் பீரங்கி, சமையல், ஆஸ்பத்திரி, லாரி எல்லாம் வரிசையாக நிற்கும். சிறப்புப் படையின் சிறு குழுவுக்குப் பின்னால் எதுவும் கிடையாது. நாலு பேரோ பத்துப் பேரோ எதிரியின் எல்லைக்குள் போய், ஒரே ஒரு வேலையை முடித்துவிட்டு, முடிந்தால் திரும்ப வேண்டும். பாலத்தைத் தகர்ப்பது, கப்பலுக்கு வெடி வைப்பது, சாலையோரம் படுத்து எத்தனை லாரி போகிறது என்று எண்ணிச் சொல்வது, இப்படி வேலை எதுவாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடுகிறது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்த பிரிட்டிஷ் நெடுந்தூர ரோந்துக் குழுவின் மிகப் பயனுள்ள வேலைகளில் அந்த எண்ணிக்கையும் ஒன்று. எதிரியின் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க அசையாமல் படுத்து, ஒவ்வொரு வண்டியையும் எண்ணி, இரவில் வயர்லெஸ்ஸில் அனுப்பினார்கள்.

ஏனுங்க சார், பத்துப் பேர் போயி என்னங்க பண்ண முடியும்?

இதற்கு நான் எப்போதும் சொல்வது நார்வே கதை. கொஞ்சம் நீளம்தான்.

நார்வேயில் வெமோர்க் என்ற இடத்தில் ஒரு நீர்மின் நிலையம் இருந்தது. நம்ம பைக்காரா மாதிரி மலை மேலே இருந்து பெரிய குழாய்களில் தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். அந்த மின்சாரத்தை வைத்துத் தண்ணீரில் இருந்து ஹைட்ரஜன் பிரித்து, அதிலிருந்து உரம் செய்தார்கள். அந்த வேலையின் உபரியாகக் கனநீர் என்ற பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்தது. அணு ஆராய்ச்சிக்கு ஜெர்மனிக்கு அது தேவைப்பட்டது. 1940இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்ததும் அந்த ஆலையும் அவர்கள் கைக்குப் போய்விட்டது.

1942 அக்டோபரில் நாலு நார்வேக்காரர்கள் பாராசூட்டில் பனி மேட்டுநிலத்தில் இறங்கினார்கள். அடுத்த மாதம் பிரிட்டிஷ் பொறியாளர்கள் இரண்டு கிளைடர்களில், அதாவது எஞ்சின் இல்லாத விமானங்களில், வந்தார்கள். இரண்டுமே மோசமான வானிலையில் நொறுங்கின. ஒரு கிளைடரை இழுத்து வந்த விமானமும் மலையில் மோதியது. விபத்திலும், பிழைத்தவர்களை ஜெர்மானியர்கள் கொன்றதிலுமாக 41 பேர் மாண்டார்கள். முதலில் இறங்கிய நால்வரும் குளிர்காலம் முழுக்க அந்தப் பனியிலேயே ஒளிந்து கிடந்தார்கள். பாறையில் படரும் பாசியைச் சுரண்டி வேகவைத்துச் சாப்பிட்டார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் ஒரு கலைமான் கிடைத்தது.

1943 பிப்ரவரியில் இன்னும் ஆறு பேர் இறங்கினார்கள். தலைவர் யோக்கிம் ரோன்னபெர்க்குக்கு வயது 23. ஆலைக்குப் போக ஒரு தொங்குபாலம் உண்டு, அங்கே காவல் இருந்தது. கண்ணிவெடியும் மற்ற பக்கங்களில் இருந்தது. பள்ளத்தாக்கின் செங்குத்தான பக்கத்தில் மனிதன் ஏற முடியாது என்று ஜெர்மானியர்கள் நினைத்திருந்தார்கள். பிப்ரவரி 27 இரவு அவர்களில் ஒன்பது பேர் அந்தப் பள்ளத்தில் இறங்கி, உறைந்த ஆற்றைத் தாண்டி, மறுபக்கம் ஏறி, ஆலையின் ரயில் பாதை வழியாக உள்ளே நுழைந்தார்கள். அங்கே ஒரு நார்வேத் தொழிலாளி இருந்தார். வெடிக்குத் திரி கொளுத்தப் போகும் நேரத்தில் அவர், என் மூக்குக் கண்ணாடியைக் காணோம், போர்க்காலத்தில் வேறு கிடைக்காது என்றார். அந்த நிலையிலும் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். சுமார் 500 கிலோ கனநீர் சாக்கடையில் ஓடியது. ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. ஐந்து பேர் சுமார் 400 கிலோமீட்டர் பனிச்சறுக்கிலேயே ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. சில மாதங்களில் ஆலை மறுபடி ஓடியது. பிறகு அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. ஜெர்மனி அணுகுண்டுக்கு அந்தச் சமயத்தில் வெகு தூரத்தில்தான் இருந்தது என்பதும் பின்னால் தெரிய வந்தது. ஆனால் அதை அன்று அந்தப் பனியில் நின்றவர்கள் அறிய வழியில்லை.

எதிரி ஊருக்குள் எப்படிங்க போவாங்க? பாராசூட்டா?

பாராசூட், நீர்மூழ்கிக் கப்பல், படகு, ஜீப், நடை. நுழைவது பாதி வேலைதான், உள்ளே தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். நம்ம தோட்டத்துச் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, நினைத்துப் பாருங்கள். ராத்திரி யாராவது வரப்பில் நடந்தால் நம்ம நாய் குரைக்கும், அதைக் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைக்கும், ஐந்து நிமிஷத்தில் மூன்று வீட்டு லைட் எரியும். பகலில் கடைக்குப் போய், பேச்சில் ‘ங்க’ போடாமல் ஒரு வார்த்தை பேசினால் போதும், எந்த ஊருங்க என்று கேட்டுவிடுவார்கள். உலகம் பூராவும் கிராமம் இப்படித்தான்.

1943 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் இருந்து ஒரு பழைய ஜப்பானிய மீன்பிடிப் படகில் 14 பேர் சிங்கப்பூருக்குக் கிளம்பினார்கள். படகுக்கு அவர்கள் வைத்த பெயர் கிரெய்ட், அதாவது நம்ம கட்டுவிரியன். சத்தம் இல்லாமல் ராத்திரியில் வந்து கடித்துவிட்டுப் போகும், கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது என்று நம்ம ஊரில் சொல்வோமே, அதே பாம்பு. உடம்பில் பழுப்புச் சாயம் பூசி, லுங்கி கட்டி, ஜப்பான் கொடியை ஏற்றிக்கொண்டு எதிரியின் கடலில் போனார்கள். சிங்கப்பூருக்கு வெளியே தீவுகளில் ஆறு பேரை இறக்கிவிட்டுப் படகு விலகிப் போனது. அந்த ஆறு பேரும் மூன்று மடக்குத் தோணிகளில் துடுப்புப் போட்டு, செப்டம்பர் 26 இரவு துறைமுகத்துக்குள் போய், கப்பல்களின் அடியில் காந்த வெடிகளை ஒட்டினார்கள். ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமாயின. திரும்பும் வழியில் லொம்போக் நீரிணையில் ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று பக்கத்தில் வந்து சிறிது நேரம் கூடவே ஓடிவிட்டுப் போய்விட்டது. நாற்பத்தெட்டு நாள் பயணம், 14 பேரும் உயிரோடு திரும்பினார்கள். அந்தப் படகு இன்றைக்கும் சிட்னியில் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அவர்கள் தப்பித்துப் போன பிறகு அங்கே இருந்த மக்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டது பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண். இத்தனை வருடத்தில் எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

கட்டுவிரியன் படகு வந்துபோனது ஜப்பானியர்களுக்குத் தெரியாது. சிங்கப்பூருக்குள் இருப்பவர்களும் சாங்கி முகாமில் அடைபட்டிருந்த வெள்ளைக்காரர்களும் சேர்ந்து செய்த சதி என்று முடிவு கட்டினார்கள். 1943 அக்டோபர் 10இல் ராணுவப் போலீஸ் பாய்ந்தது. 57 பேரைப் பிடித்து மாதக்கணக்கில் சித்திரவதை செய்தார்கள். 15 பேர் இறந்தார்கள். அந்த வெடிக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நார்வேக்காரர்களுக்கு இந்தக் கவலை முதலிலேயே இருந்தது. ஆலையில் பிரிட்டிஷ் படை பயன்படுத்தும் ஒரு இயந்திரத் துப்பாக்கியை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தார்கள். வெளியில் இருந்து வந்த படைதான் செய்தது, ஊர்க்காரர்கள் இல்லை என்று தெரியட்டும் என்பதற்காக. ஆனால் அடுத்த வருடம், 1944 பிப்ரவரி 20இல், மீதியிருந்த கனநீரை ஜெர்மனிக்கு ஏற்றிப்போன பயணிகள் படகை ஏரியின் நடுவில் மூழ்கடிக்க வேண்டி வந்தது. 18 பேர் இறந்தார்கள், 14 பேர் சொந்த நாட்டு மக்கள். வெடி வைத்தவர்களும் நார்வேக்காரர்கள். படகில் ஜனங்கள் இருப்பார்கள் என்று தெரிந்தே வைத்தார்கள். இந்தப் பகுதியைச் சொல்லும்போது டீக்கடையில் யாரும் பேசுவதில்லை. எனக்கும் அதற்கு மேல் சொல்ல வராது.

சோறு தண்ணிக்கு என்னங்க பண்ணுவாங்க?

தண்ணீருக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு, கோயமுத்தூர் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கும். மேலே சொன்ன பாலைவன ரோந்துக் குழுவை 1940இல் தொடங்கியவர் ரால்ஃப் பாக்னால்ட். அவர்களுடைய லாரியில் ரேடியேட்டர் கொதித்தால் நீராவி வீணாகாது. ஒரு குழாய் வழியாகப் பக்கத்தில் தொங்கும் டப்பாவில் உள்ள தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து, எஞ்சின் சூடு தணிந்ததும் திரும்ப ரேடியேட்டருக்குள்ளேயே உறிஞ்சப்படும். பாலைவனத்தில் ஒரு சொட்டும் போகவிடக் கூடாது. திசை பார்க்க, லாரியின் இரும்பு காந்த ஊசியைக் குழப்பும் என்பதால், நிழலை வைத்துப் பார்க்கும் சூரியத் திசைகாட்டி வைத்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பர்மா. 1943 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரிகேடியர் விங்கேட் சுமார் 3,000 பேரைப் பல அணிகளாகப் பிரித்து ஜப்பானியர்களின் பின்புறத்துக்கு நடத்திக்கொண்டு போனார். கூர்க்காக்களும் பர்மா வீரர்களும் அதில் உண்டு. சிறு குழு என்று சொல்ல முடியாது, ஆனால் வேலை அதேதான். சாமான் சுமக்கக் கோவேறு கழுதைகள். காட்டில் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பின்னால் அவற்றின் குரல் நரம்பையே அறுத்துவிட்டார்கள். மாடு கன்றை வீட்டு ஆளாக வளர்க்கிற நமக்கு அதைக் கேட்கவே சங்கடமாக இருக்கும். விமானத்தில் போட்ட உணவு வராத நாட்களில் அந்தக் கழுதைகளையே தின்றார்கள். நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டு நடந்தார்கள். 2,182 பேர் திரும்பினார்கள். அதில் சுமார் 600 பேர் மறுபடி போருக்குப் போகும் உடல்நிலையில் இல்லை.

பிடிபட்டால் என்ன ஆகும்?

சீருடையில் இருந்தால் போர்க்கைதி, மாறுவேடத்தில் இருந்தால் உளவாளி. சட்டம் இதுதான். 1907 ஹேக் விதிகளிலேயே இருக்கிறது. சீருடை போட்ட படைவீரன் எதிரியின் பகுதிக்குள் தகவல் சேகரிக்க நுழைந்தாலும் அவன் உளவாளி ஆக மாட்டான். ஆனால் 1942 அக்டோபரில் ஹிட்லர், கமாண்டோக்கள் சீருடையில் இருந்தாலும் சரணடைந்தாலும் கொன்றுவிடுங்கள் என்று ரகசிய உத்தரவு போட்டார். கிளைடரில் வந்து பிழைத்தவர்களைக் கொன்றது அந்த உத்தரவின்படிதான். போர் முடிந்து நடந்த விசாரணைகளில் அது போர்க்குற்றம் என்றே தீர்ப்பானது.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது. கோயமுத்தூரில் ரயில் ஏறினால் பாலக்காட்டுக் கணவாய் தாண்டிச் சில மணி நேரத்தில் வரும் தானூர்க் கடற்கரை. 1942 செப்டம்பரில் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் அங்கே ஒரு சின்னக் குழுவை இறக்கிவிட்டது. வெள்ளைக்கார ஆட்சிக்கு எதிராக உள்ளே இருந்து வேலை செய்ய, பினாங்கில் பயிற்சி பெற்று வந்த இந்திய இளைஞர்கள். அவர்களில் வக்கம் காதரும் அனந்தன் நாயரும் இருந்தார்கள். கரை இறங்கிய சிறிது நேரத்திலேயே பிடிபட்டார்கள். சொந்தக் கரை, சொந்த மொழி, இருந்தும் ஒளிய முடியவில்லை. வேறு வழிகளில் வந்த சத்தியேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகியோரோடு சேர்த்து நால்வரையும் 1943 செப்டம்பர் 10இல் சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். ஒரு முஸ்லிம், ஒரு மலையாள இந்து, ஒரு வங்காளி, ஒரு சீக்கியர். சென்னையில் நடந்த இதைப் பாடப் புத்தகத்தில் விரிவாகப் படித்த ஒரு மாணவனையும் நான் இன்னும் பார்க்கவில்லை. அது எனக்குப் பெரிய குறை.

பெண்கள் இதில் இருந்தார்களா?

இருந்தார்கள். சங்ககிரிக் கோட்டையையும் சத்தியமங்கலத்தையும் கஜலட்டிக் கணவாயையும் தெரிந்த நமக்கு திப்பு சுல்தானும் தெரிந்தவர்தான். அவர் வழியில் வந்தவர் நூர் இனாயத் கான். 1914இல் மாஸ்கோவில் பிறந்து, பாரிசில் வளர்ந்து, குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். 1943 ஜூனில் பிரிட்டனில் இருந்து விமானத்தில் இரவோடு இரவாகப் பிரான்சில் இறங்கினார். வயர்லெஸ் ஆபரேட்டர் வேலை. இருப்பதிலேயே ஆபத்தான வேலை அதுதான். பெட்டியைத் திறந்து செய்தி அனுப்பத் தொடங்கினால், சிக்னலைத் தேடும் ஜெர்மன் வண்டி தெருத் தெருவாக நெருங்கி வரும். அவர் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே அவருடைய குழுவினர் வரிசையாகப் பிடிபட்டார்கள். திரும்பி வா என்று லண்டன் கூப்பிட்டது. பாரிசில் செய்தி அனுப்ப வேறு ஆள் இல்லை என்று மறுத்துவிட்டு, வீடு மாறி வீடு மாறி மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தார். அக்டோபரில் யாரோ காட்டிக்கொடுத்தார்கள். கையில் விலங்கோடு பல மாதம் தனிச் சிறை. 1944 செப்டம்பர் 13இல் டாஹவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். 1949இல் பிரிட்டன் ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தது.

நம்ம தீரன் சின்னமலை செஞ்சதும் இதுதானுங்களே?

உறவு உண்டு, ஆனால் அதுவே இல்லை. சின்னமலை சொந்த மண்ணில், சொந்த ஜனங்களோடு நின்று கம்பெனியை எதிர்த்தார். அது கொரில்லாப் போர். சிறப்புப் படைக் குழு வெளியில் இருந்து உள்ளே போவது. ஆனால் 1800 ஜூனில் கோவையில் கம்பெனிப் படையைத் தாக்கப் போட்ட திட்டம் ஏன் தோற்றது என்று படித்தால், இந்தக் குழுக்களின் பாடம் அப்படியே அதில் இருக்கும். பல இடத்து ஆட்கள் ஒரே நேரத்தில் சேர வேண்டியிருந்தது, சேரவில்லை. செய்தி முந்திவிட்டது. கடைசியில் அவரைப் பிடித்ததும் காட்டிக்கொடுத்ததால்தான் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். 1805 ஜூலை 31இல் சங்ககிரியில் தூக்கு.

1942 ஆகஸ்டில் சூலூர் விமானதளத்துக்குத் தீ வைத்தார்களே, அது இன்னொரு வகை. சீருடை இல்லாத சாதாரண ஜனங்கள் செய்த நாசவேலை.

இந்திய ராணுவத்தில் எப்போது தொடங்கியது?

1965 போரில் மேஜர் மேக் சிங் தொண்டர்களைச் சேர்த்து மேக்தூத் படை என்று ஒரு சிறு குழுவை எதிரியின் எல்லைக்குள் நடத்திக் காட்டினார். அதில் இருந்துதான் 1966இல் பாராசூட் படைப்பிரிவின் 9 பாரா கமாண்டோ பட்டாலியன் பிறந்தது, அடுத்த வருடம் பாலைவனத்துக்காக 10 பாரா. 1971 டிசம்பரில் 10 பாரா ஜீப்புகளில் தார்ப் பாலைவனம் தாண்டி பாகிஸ்தானின் சாச்ரோ வரைக்கும் போய்த் தாக்கியது. தலைவர் லெப்டினன்ட் கர்னல் பவானி சிங், ஜெய்ப்பூர் ராஜ குடும்பத்தவர். அதே மாதம் 9 பாரா, பூஞ்ச் பக்கம் மண்டோல் என்ற இடத்தில் இரவில் ஆறு பீரங்கிகளைத் தகர்த்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அதே வருடம் ஆகஸ்டில் நடந்தது. பலாசி பக்கத்தில் பாகீரதி ஆற்றில் இந்தியக் கடற்படை நீச்சல் பயிற்சி கொடுத்த வங்காள இளைஞர்கள், கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் துறைமுகங்களில் ஒரே சமயத்தில் கப்பல்களுக்கு வெடி ஒட்டினார்கள். அவர்களுக்கு அடையாளம், கல்கத்தா வானொலியில் ஒலிபரப்பான இரண்டு வங்காளிப் பாட்டுகள். முதல் பாட்டு வந்தால் தயாராகு, இரண்டாவது வந்தால் கிளம்பு. ஊரே கேட்ட பாட்டுதான். அர்த்தம் தெரிந்தவர்கள் மட்டும் எழுந்து போனார்கள்.

கறுப்புப் பூனைப் படையும் இதுதானா?

இல்லை. அது 1984இல் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வந்த தேசியப் பாதுகாப்புப் படை. நாட்டுக்குள் பயங்கரவாதத் தாக்குதலையும் கடத்தலையும் எதிர்கொள்வது அதன் வேலை. கடற்படையில் மார்க்கோஸ், விமானப்படையில் கருட் என்று தனித்தனியாக உண்டு.

நேராகக் கமாண்டோவாகச் சேர முடியுமா?

முடியாது. முதலில் ராணுவம். கோவையிலேயே ஆள்சேர்ப்பு அலுவலகம் இருக்கிறது, அவர்கள் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். பணம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன் என்று யார் வந்தாலும் வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் அப்படி மாட்டைவிற்றுக் கொடுத்து ஏமாந்தது. சேர்ந்த பிறகு சிறப்புப் படைக்கு நீங்களாக விருப்பம் தெரிவிக்க வேண்டும். மாதக்கணக்கில் சோதனைக் காலம், பெரும்பாலானவர்கள் பாதியில் திருப்பி அனுப்பப்படுவார்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அதிகாரி ஆக வேண்டும் என்றால் சின்ன வயதிலேயே உடுமலைப் பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளியை யோசிக்கலாம், 1962இல் இருந்து நடக்கிறது.

ஓடுவதோடு இன்னொன்றும் பழகுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். ஒரு மணி நேரம் போன் இல்லாமல் வாய்க்கால் மேட்டில் தனியாக உட்கார்ந்து, பாலத்தைத் தாண்டும் வண்டிகளை எண்ணி எழுதிக் காட்டுங்கள். நூறு தண்டால் எடுக்கிறவன் அதில் பதினைந்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிறான்.

ஏனுங்க, எம் பையன் அந்த மாதிரிப் படைக்குப் போனா, எங்க இருக்கான்னு எங்களுக்குச் சொல்லுவாங்களா?

சொல்ல மாட்டாங்க அம்மணி. அவனும் சொல்லக் கூடாது. கட்டுவிரியன் படகின் தலைவர் ஐவன் லயன் 1944இல் இரண்டாம் முறை 23 பேரில் ஒருவராகச் சிங்கப்பூர் பக்கம் போனார். ஒருவரும் திரும்பவில்லை. சண்டையிலும் கடலிலும் சிறையிலும் போனவர்கள் போக, பத்துப் பேரை 1945 ஜூலை 7இல் தலையை வெட்டிக் கொன்றார்கள். ஆறு வாரம் ஆவதற்குள் ஜப்பான் சரணடைந்தது. அவர்கள் வீடுகளுக்கு விவரம் எல்லாம் போர் முடிந்த பிறகுதான் போனது.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்போ போன் வந்தா என்னதானுங்க கேக்கறது என்றார். சாப்பிட்டாயா, காலில் கொப்புளம் ஆறிவிட்டதா என்று கேளுங்கள். மாடு கன்று போட்டதை, வாய்க்காலில் தண்ணீர் விட்டதைச் சொல்லுங்கள். எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.